ஆறு குஞ்சு, பன்னிரண்டு கால்

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஏழு பேருக்கும் வணக்கம்.

உங்களுக்காக அனுபவம் எழுதித் தாருங்கள் என்று ஆய்வகத்திலிருந்து என்னைக் கேட்பது இதுதான் முதல் தடவை. டாக்டரம்மாவை நான்கு தடவை கேட்டிருக்கிறார்கள். மூன்று தடவை அவர் எழுதிக் கொடுத்தார். நான்காவது தடவை, "இந்த முறை சாரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டாராம். அவர் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது பிறகு கண்டுபிடித்துச் சொல்வதைவிட அது மேல்.

நாங்கள் இருவரும் நாமக்கல் கோழி நோய் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. நான் அவரைவிட மூன்று வருடம் மூத்தவன். நான் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், நாமக்கல்லிலேயே வீடு எடுத்துத் தங்கியிருந்தார். படிப்பில் நான் ஒரு படி மேல். நரம்பணுவின் வகைகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: ஒருமுனை, இருமுனை, பலமுனை. நரம்புகளில் உட்செல், வெளிச்செல், கலப்பு. நரம்பிழைகளில் மையலின் உறை உள்ளது, உறை இல்லாதது. கல்லூரித் தேர்வில் இந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியவன். டாக்டரம்மா ஒருநாள் டீ குடிக்கும்போது, "எனக்கு அந்தப் பட்டியல் எப்பவும் குழம்பிடும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் பண்ணைக்காரர்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள்.

எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. பஸ்ஸில் வரும்போது வேகத்தடைகளை எண்ணுவேன், ஆய்வகப் படிகளை எண்ணுவேன். நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த மாதம் என் டைரியின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு எண்ணிக்கையும் இருந்தது. சம்பவத்துக்கு முந்தின நாள் வரை கோழி கொண்டுவந்தவர்கள் அறுபத்தோரு பேர். உள்ளே நுழைந்ததும் "டாக்டரம்மா இருக்காங்களா?" என்று கேட்டவர்கள் நாற்பத்து நான்கு. என்னைக் கேட்டவர்கள் ஒன்பது. யாராக இருந்தாலும் சரி என்று வந்தவர்கள் எட்டு. இந்தப் பக்கத்தை யாருக்கும் நான் காட்டியதில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பதினொரு வருடம் ஆகிறது.

டாக்டரம்மா விடுப்பில் இருந்த ஒரு நாள், பகல் பன்னிரண்டு மணி வாக்கில், புதுச்சத்திரத்திலிருந்து நல்லசிவம் என்ற பண்ணைக்காரர் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வருடம் லாரி ஓட்டியவர். பாதி வருடம் வடக்கே கிடந்து, பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்க்காமல் போனவர். மனைவி நெருக்கிய பிறகு லாரியை விட்டு, ஊரில் கோழி ஷெட் போட்டு உட்கார்ந்தவர்.

வாசலில் நின்றபடியே காலியாக இருந்த மேசையைப் பார்த்தார்.

"டாக்டரம்மா இல்லீங்களா?"

"லீவு."

"நாளைக்கு வந்துருவாங்களா?"

"நானும் டாக்டர்தான்."

"ஐயோ, அப்படி இல்லீங்க டாக்டரு. நீங்களும் பெரியவங்கதான். போன தடவை அந்தம்மாதான் பார்த்தாங்க, அதுக்குத்தானுங்க கேட்டேன்."

'நீங்களும்.' அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. அன்றைய தேதிக்கு அவர் நாற்பத்தைந்தாவது ஆள்.

பெட்டியில் ஆறு குஞ்சுகள் உயிரோடு இருந்தன. இருபத்தெட்டு நாள் வயது. பதினோராயிரத்து நானூறு குஞ்சு உள்ள பேட்ச். ஐந்து நாளாக ஒவ்வொன்றாகக் கால் விளங்காமல் உட்காருகின்றன, இதுவரை அறுநூற்று நாற்பது என்றார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். குஞ்சின் தொடையில் உள்பக்கத் தசையைப் பிரித்தால் நூல் பருமனில் சியாட்டிக் நரம்பு தெரியும். நல்ல நரம்பு வெள்ளையாகப் பளபளக்கும், குறுக்கே மெல்லிய வரிகள் ஓடும். மேரக்ஸ் நோய் வந்த நரம்பு மஞ்சள் தட்டிப் பருத்துக் கிடக்கும், வரிகள் அழிந்திருக்கும். மேரக்ஸுக்கு மருந்து கிடையாது. காற்றில் இறகுத் தூளோடு அடுத்த ஷெட்டுக்குப் போகும். இந்தப் பக்கத்தில் ஒரு கோழி டாக்டருக்குப் பெயர் கிடைப்பதும் போவதும் பெரும்பாலும் அந்த நூலைப் பார்த்து அவர் என்ன சொல்கிறார் என்பதில்தான்.

ஆறையும் வலியில்லாமல் கொன்றுவிட்டு, முதல் குஞ்சின் வலது தொடையைப் பிரித்தேன். நரம்பு மூன்று மடங்கு பருத்திருந்தது. வரி இல்லை. அடுத்தது, அதற்கடுத்தது, ஆறும் அப்படியே. மேரக்ஸில் பெரும்பாலும் ஒரு பக்க நரம்புதான் பருக்கும். பருத்த நரம்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிடுவோம். நானும் வைத்தேன்.

வயது இடித்தது. இருபத்தெட்டு நாளில் மேரக்ஸ் அரிது. வரவே வராது என்றும் சொல்ல முடியாது. இரண்டு கால் விரல்களும் முஷ்டி பிடித்த மாதிரி உள்ளே சுருண்டிருந்ததையும் பார்த்தேன். மேரக்ஸ் என்றால் ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக்கொண்டு கிடக்கும். இவை குதிகாலில் குந்தியிருந்தன. இதெல்லாம் கண்ணில் பட்டது. யோசிக்கலாம் என்று இருந்தபோதுதான் நல்லசிவம் கேட்டார்.

"என்னவா இருக்குமுங்க?"

"மேரக்ஸ் மாதிரி தெரியுது."

அவர் முகம் வெளிறிப் போனது. "அப்படீன்னா மொத்தமாவுங்களா?"

"மொத்தமாகத்தான். மருந்து கிடையாது."

"இந்தப் பேட்ச் போச்சுன்னா மறுக்கா லாரி ஏறோணுமுங்க. வேற வழி இல்ல." பிறகு மெதுவாக, "தப்பா நெனைக்காதீங்க டாக்டரு. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட ஒருக்கா காட்டிப்போட்டு அப்பறம் செய்யலாமுங்களா?" என்றார்.

யோசிக்கலாம் என்று இருந்தவன், அந்த நிமிடமே நாற்காலியை இழுத்துப் போட்டு அறிக்கை எழுதினேன். 'மேரக்ஸ் நோய். பேட்ச் முழுவதையும் கழிக்கவும்.' கையெழுத்து, முத்திரை. "ஒரு நாள் தாமதித்தால் பக்கத்து ஷெட்டுக்குப் போகும். அதற்கு நான் பொறுப்பில்லை" என்றும் சொன்னேன். பக்கத்து ஷெட் அவருடைய மைத்துனருடையது, மறுநாள் அங்கே புதுக் குஞ்சு இறங்குவதாக இருந்தது. நல்லசிவம் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் நான் செய்ததையும் எழுதுகிறேன். டாக்டரம்மா எந்தக் கோழியைத் திறந்தாலும் நரம்பில் ஒரு துண்டை ஃபார்மலின் புட்டியில் போட்டு இரண்டு நாள் வைத்திருப்பார். நான் துண்டு எடுக்கவில்லை. ஆறு குஞ்சுகளையும் உடனே குழிக்கு அனுப்பிச் சுண்ணாம்பு போடச் சொன்னேன். நாளை அவர் வந்து என் முடிவின் மேல் தன் கத்தியை வைக்கக் கூடாது என்று நினைத்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் டைரியைத் திறந்து முந்தின நாள் கணக்கை எழுதினேன். திறந்த பறவை ஆறு. பார்த்த நரம்பு ஆறு. எழுதிவிட்டுப் பார்த்தேன். ஆறு குஞ்சுக்குப் பன்னிரண்டு கால்.

இருபத்திரண்டு வேகத்தடையையும் விடாமல் எண்ணுகிறவன், பன்னிரண்டு காலில் ஆறை எண்ணியிருக்கிறேன். இடது பக்கமும் பருத்திருந்தால் அது வேறு கதை. வைட்டமின் பி2 குறைந்தாலும் நரம்பு பருக்கும். ஆனால் அப்போது இரண்டு பக்கமும் பருக்கும், விரல் சுருளும், குஞ்சு குதிகாலில் குந்தும். அது பிழைக்கிற நோய்.

ஆய்வகத்துக்குப் போனபோது டாக்டரம்மா வந்திருந்தார். பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"புதுச்சத்திரம் கேஸ் பார்த்தீங்களா சார்? இருபத்தெட்டு நாள்னு இருக்கு."

"ஆமா."

"இடது கால் எப்படி இருந்துச்சு?"

சாதாரணமாகத்தான் கேட்டார். என்னை மடக்கக் கேட்கவில்லை. கையில் பாதி குடித்த காபி டம்ளர் இருந்தது.

"நல்லா இருந்துச்சு. வலது மட்டும்தான்."

"அப்ப மேரக்ஸ்தான். பாவம்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

ஒரு கேள்வி கூட மேற்கொண்டு கேட்கவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார். அவர் சந்தேகப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், சண்டையில் உண்மை வெளியே வந்திருக்கும். அவர் நம்பியதால் பொய் அப்படியே மேசையில் கிடந்தது. எனக்கு அவர் மேல் இன்னும் எரிச்சல்தான் வந்தது.

ஒன்பதே முக்காலுக்கு என் கைப்பேசி அடித்தது. நல்லசிவம்.

"டாக்டரு, குழி எடுத்தாச்சுங்க. சுண்ணாம்பு எத்தனை மூட்டை போடோணுமுங்க?"

பழக்கதோஷம், குழியின் நீள அகலம் கேட்டுக் கணக்குப் போட்டுப் பன்னிரண்டு மூட்டை என்று சொல்லிவிட்டேன். வாய் சொல்லி முடித்த பிறகுதான் அந்த எண் காதில் விழுந்தது.

"நல்லசிவம், நிறுத்துங்க. நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் ஒரு குஞ்சையும் தொடாதீங்க."

"நொண்டியெல்லாம் மொதல்ல புடிச்சு முடிச்சிட்டு இருக்கறமுங்களே..."

"நிறுத்துங்க."

டாக்டரம்மாவிடம் பேங்க் வரை போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு சேலம் பஸ் ஏறினேன். ஒரு நாளில் இரண்டாவது பொய்.

புதுச்சத்திரத்தில் இறங்கிப் பண்ணைக்கு நடந்தபோது பொக்லைன் வண்டியின் சத்தம் ரோட்டுக்கே கேட்டது. குழிக்கு இந்தப் பக்கம் நல்லசிவமும் அவர் மனைவி சரசுவும் நின்றார்கள். அந்தப் பக்கம் மைத்துனர், கையில் வண்டிச் சாவியைச் சுற்றிக்கொண்டு. குழிக்குள் எட்டிப் பார்த்தேன். எண்ணவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். சரசுவே சொன்னார், "எரநூத்தி நாப்பது ஆச்சுங்க."

"ஏனுங்க டாக்டரு, நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க?" என்றார் மைத்துனர். "மத்தியானம் என்ற ஷெட்டுல குஞ்சு எறங்குது. அதுக்கும் சேத்தி குழி வெட்டச் சொல்லட்டுங்களா?"

"நீ செத்த சும்மா இரு மச்சான்" என்றார் நல்லசிவம்.

"நான் சும்மாதான் இருக்கறேன். காத்து சும்மா இருக்குமா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மேரக்ஸாக இருந்து நான் நிறுத்தினால் இரண்டு ஷெட் போகும். மேரக்ஸ் இல்லாமல் இருந்து நான் நிறுத்தாவிட்டால் ஒருவர் பத்தாயிரம் குஞ்சைப் புதைத்துவிட்டு லாரி ஏறுவார். இந்த மாதிரி நேரத்தில் புத்தகம் ஒன்றும் சொல்லாது.

நடக்க முடியாத குஞ்சு ஒன்றை எடுத்துவரச் சொல்லி அங்கேயே, தீவன மூட்டையின் மேல் வைத்துத் திறந்தேன். வலது நரம்பு பருத்திருந்தது. இடது தொடையைப் பிரித்தேன். அதுவும் பருத்திருந்தது. இரண்டும் ஒரே அளவு. இன்னும் நான்கு குஞ்சு திறந்தேன். பத்துக் கால், பத்து நரம்பு, பத்தும் ஒரே மாதிரி.

பாதிதான் நிம்மதி. மேரக்ஸிலும் சில சமயம் இரண்டு பக்கமும் பருப்பதுண்டு. கையெழுத்துப் போட்ட அறிக்கை நல்லசிவத்தின் பையில் இருந்தது. என் சொல்லை நானே மாற்றிச் சொல்ல எனக்கு இன்னொரு கண் வேண்டியிருந்தது. யாருடைய கண் என்று எனக்குத் தெரியும். கைப்பேசியை எடுத்து மூன்று தடவை பெயரைத் தேடி மூன்று தடவையும் மூடினேன். சரசு பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டரம்மாவக் கூப்புடறீங்களா சாமி?" என்றார். அவர் குரலில் வந்த ஆறுதல்தான் என்னை அதிகமாகக் குத்தியது.

கூப்பிட்டேன்.

"நான் புதுச்சத்திரத்துல இருக்கேன். இரண்டு பக்கமும் பருத்திருக்கு."

"இடது நல்லா இருந்துச்சுன்னு சொன்னீங்களே சார்?"

பக்கத்தில் மூன்று பேர் நின்றார்கள். பொக்லைன் ஓட்டுகிறவரும் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பார்க்கலை. நான் இடது காலைத் திறக்கவே இல்லை."

அவர் பேசுவதற்குள் ஏழு வரை எண்ணினேன்.

"சரி சார்" என்றார். "உயிரோட இருக்கிற குஞ்சுல விரல் நுனியைக் கிள்ளிப் பாருங்க. கத்துதா?"

கிள்ளினேன். குஞ்சு கத்தியது, தலையைத் திருப்பி என் கையைக் கொத்த வந்தது. ஆனால் விரல் விரியவில்லை, கால் நகரவில்லை.

"கத்துது. கால் அசையலை."

"அப்ப வலி மேல போகுது, ஆணை கீழ வரலை. அந்தப் பட்டியல் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும் சார், நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். குழியின் ஓரத்தில் நின்று, கல்லூரியில் முழு மதிப்பெண் வாங்கிய பதிலை முதல் தடவையாக ஒரு வேலைக்காகச் சொன்னேன். ஒரே நரம்புக்குள் பல வகை இழைகள் ஓடுகின்றன. தசையை அசைக்கும் இழைகள் பருமனானவை, மேலே தடித்த மையலின் உறை உள்ளவை. வலியைக் கொண்டுபோகும் இழைகளில் பல மெல்லியவை, உறை இல்லாதவை. உறையை அழிக்கிற கோளாறு வந்தால் முதலில் படுப்பது உறையுள்ளவைதான். உறை இல்லாதவற்றுக்கு இழக்க ஒன்றும் இல்லை, அவை வேலை செய்யும். பி2 குறைந்தால் கெடுவது உறை. உள்ளே ஓடும் இழை, அதாவது ஆக்சான், பெரும்பாலும் முழுசாக இருக்கும். உறை திரும்ப வளரும்.

"இது ஒண்ணே போதும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. "ஆனா அந்தப் பக்கம்தான் கை காட்டுது. தீவனத்தைப் பாருங்க. எதுல அளந்து போடறாங்கன்னு கேளுங்க. நான் அங்க இல்லை சார், கத்தி உங்க கையில இருக்கு. நீங்கதான் முடிவு சொல்லணும்."

சரசுதான் தீவனம் கலக்கிறவர். குஞ்சுத் தீவனத்துக்கு வைட்டமின் மாவு எதில் அளக்கிறீர்கள் என்று கேட்டேன். கலக்கும் கொட்டகையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்தார். உட்புறம் மஞ்சள் படிந்திருந்தது.

"இதுதானுங்க. டன்னுக்கு ஒரு டம்ளர். கோபுரமா இல்லாம தலை தட்டிப் போடுவேன். மொதல் பேட்ச்ல இருந்து இதே டம்ளர்தான், ஒரு நாளும் மாத்துனதில்லீங்க."

"மூட்டை?"

"மூட்டை மாறுச்சுங்க. பழசு கெடைக்கலைன்னு கடையில வேற குடுத்தாங்க. இந்த பேட்ச் வந்தன்னைக்குத்தான் பிரிச்சோம்."

இரண்டு மூட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலியான பழைய மூட்டையில் டன்னுக்கு நூறு கிராம் என்று அச்சாகியிருந்தது. புதியதில் அரை கிலோ. அதே டம்ளர், குஞ்சுகளுக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்தில் ஒரு பங்கு.

சரசு மூட்டையைப் படித்தார். பிறகு டம்ளரைப் பார்த்தார். "நான்தான் கெடுத்தனுங்களா?" என்றார்.

"இல்லை. நீங்க அளவு மாறாம போட்டீங்க. நேத்து நான் பார்த்திருந்தா நேத்தே தெரிஞ்சிருக்கும்."

"அப்ப குழி?" என்றார் மைத்துனர்.

"குழி இருக்கட்டும். மூணு நாள் குடுங்க. தண்ணியில பி2 குடுப்போம், தீவனத்தைச் சரி பண்ணுவோம். மூணு நாள்ல நொண்டியில பாதி எழுந்திருக்கலைன்னா நானே வந்து நின்னு புதைக்கச் சொல்றேன். அது வரைக்கும் உங்க ஷெட்டுல குஞ்சு எறக்க வேண்டாம்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். பழைய அறிக்கையை நல்லசிவத்திடம் கேட்டு வாங்கி, அதன் முதுகிலேயே எழுதினேன். மைத்துனர் குஞ்சு லாரியைத் தள்ளிப் போடச் சொல்லிப் போன் பேசப் போனார். என்னைத் திட்டியது பாதி காதில் விழுந்தது.

மூன்று நாளும் காலை பஸ்ஸில் வரும்போது புதுச்சத்திரத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடித்தேன். புதிதாக உட்கார்ந்தவற்றையும் சேர்த்து மிச்சமிருந்த நொண்டிகள் நானூறு. முதல் நாள் எழுந்தது முப்பத்தொன்று. இரண்டாம் நாள் நூற்று நாற்பது. மூன்றாம் நாள் காலை ஷெட்டுக்குள் நுழைந்தபோது சரசு வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "மெதுவா வாங்க சாமி, காலுக்குள்ள ஓடுது." எண்ண முடியவில்லை. அவை நின்றால்தானே எண்ணலாம். நல்லசிவம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் கணக்கு: எழுந்தவை முந்நூற்றுப் பதினெட்டு. எண்பத்திரண்டுக்கு விரல் இறுகிவிட்டது, அவற்றைக் கழிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நாள் தாமதத்தில் எத்தனை விரல் இறுகியது என்று எனக்குத் தெரியாது. அதை எண்ண வழியில்லை. மற்றவை பத்தாயிரத்துச் சொச்சமும் நின்றன. நல்லசிவம் லாரி ஏறவில்லை.

அடுத்த மாதம் அவர் ஆய்வகத்துக்கு இரண்டு தட்டு முட்டை கொண்டுவந்தார். நேராக டாக்டரம்மாவின் மேசைக்குப் போனார். "நீங்க போன்ல சொன்ன ஒரு சொல்லுல பொழச்சுதுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டரும் பாவம், நாலு தடவை அலைஞ்சாரு" என்றார். முட்டையை டாக்டரம்மா ஆளுக்கு ஒரு தட்டாகப் பிரித்து வைத்தார். நான் என் தட்டை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை.

டாக்டரம்மா அந்தப் பொய்யைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. மேலதிகாரியிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் என் பக்கத்தைத் திறந்து பேனாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார், அவ்வளவுதான். திருத்தி எழுதினேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். குறைந்தது மூன்று பேரிடமாவது சொல்லியிருப்பேன். அவருடைய கைத்திறமையை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். இதைப் பொறுப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த வாரம் நான் ஒரு வேலை செய்தேன். நம் பிரேதப் பரிசோதனைத் தாளை எடுத்து, 'நரம்பு' என்று ஒரே கோடாக இருந்த இடத்தை ஸ்கேல் வைத்து இரண்டு கட்டமாகப் பிரித்தேன். இடது, வலது. கீழே சின்ன எழுத்தில், 'இரண்டும் நிரம்பாமல் முடிவு எழுதக் கூடாது.' அதற்குக் கீழே இன்னொரு வரி: 'தீவன மூட்டையின் அளவு, அளக்கும் பாத்திரம்.' நகல் எடுத்து அடுக்கி வைத்தேன். யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. நல்ல யோசனை, ஆகவே டாக்டரம்மாவுடையதாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள். இன்றைக்கு நீங்கள் நிரப்புகிற தாள் அதுதான். அதை நீங்களும் 'அம்மா ஷீட்' என்றுதான் சொல்கிறீர்களாம்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் விழா வைத்தார்கள். என் ஓய்வுக்கு வந்தது முப்பத்தாறு பேர், அவருக்கு நூற்றுப் பத்து. பண்ணைக்காரர்கள் மட்டும் எழுபது இருக்கும். மேடையில் ஒருவர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, இந்த இரண்டு கட்டம் எத்தனை ஷெட்டைக் காப்பாற்றியிருக்கிறது, இதை யோசித்தவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று பேசினார். டாக்டரம்மா மைக்கை வாங்கினார்.

"அது நான் போட்டதில்லப்பா. சார் போட்டது. அதோ, மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு பாருங்க."

எல்லோரும் கைதட்டினார்கள், அவருக்குத்தான். என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என் தொடையில் தட்டி, "பார்த்தீங்களா, தன்னோட வேலையைக்கூட உங்களுக்குத் தூக்கிக் குடுக்கறாங்க. எவ்வளவு பெரிய மனசு" என்றார்.

நான் எழுந்து நின்று, ஆமாம், நான்தான் போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் போட்டீர்கள் என்று அடுத்து ஒருவர் கேட்டிருப்பார். அதனால் உட்கார்ந்தே இருந்தேன். டாக்டரம்மா மேடையிலிருந்து என்னைப் பார்த்தார், பிறகு பேச்சை மாற்றிவிட்டார்.

இப்போது அவர் உங்களிடம் என்னைக் கேட்கச் சொன்னது ஏன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களிடம் நல்ல நுண்ணோக்கி இருக்கிறது, படம் எடுத்து அனுப்பக் கைப்பேசி இருக்கிறது, ஏசி இருக்கிறது. எங்களுக்கு மின்விசிறி ஒன்று, அதுவும் அவர் மேசைப் பக்கம் திரும்பியிருக்கும். இருந்தாலும் குஞ்சுக்கு இன்னும் இரண்டு கால்தான். இரண்டையும் திறங்கள். திறக்கவில்லை என்றால், யாராவது கேட்கும்போது திறக்கவில்லை என்று சொல்லுங்கள்.

தாளைப் பற்றிய கணக்கையும் இன்றோடு முடித்துவிடுகிறேன். அந்த இரண்டு கட்டமும் என்னுடையவை. புதுச்சத்திரத்துக் குழியில் கிடந்த இருநூற்று நாற்பதும் என்னுடையவை.